சுவர் திருப்பித் தட்டியது

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிறவள் நான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியே தலை நரைத்துவிட்டது. இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டுச் சுடுகாட்டு வழியாக வீட்டுக்கு நடந்து வந்தவள். நடந்ததைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், சிரிப்பதாக இருந்தால் நான் முடித்த பிறகு சிரியுங்கள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் ஓர் உதவிபெறும் தொடக்கப்பள்ளிக்கு நான் தலைமையாசிரியை. கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க அரசாங்க இன்ஜினியர் வருவார். அவர் வருவதற்குள் மொட்டைமாடியில் குப்பை அள்ளி, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கி, விரிசலுக்கு மேல் வெள்ளையடித்து வைப்பது பல இடத்திலும் நடப்பதுதான், ஒளிப்பானேன். நான் மட்டும் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. வெள்ளையடிக்கும் முன்னால் கொத்தனார் ஒவ்வொரு சுவரையும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். பூச்சு நன்றாக இருந்தால் கணீரென்று கேட்கும், உள்ளே பிடிப்பு விட்டிருந்தால் பொத்தென்று கேட்கும். அதைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

எங்கள் தாளாளருக்கு இது பிடிக்காது. "சுண்ணாம்பு அடிச்சா போதாதா டீச்சர்? உங்களுக்கு மட்டும் என்னத்துக்கு இந்தக் கொட்டுமேளம்?" என்பார். கேட்டுக்கொண்டு என் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பேன்.

அன்று சனிக்கிழமை மத்தியானம், நல்ல சாரல். நானும் இசக்கிமுத்து கொத்தனாரும் மட்டும்தான். மூன்றாம் வகுப்பு அறையில் அவர் சுவரைத் தட்டினார். அந்தப் பக்கமிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

அந்தச் சுவரை ஒட்டிக் கால்வாய் ஓடுகிறது. சீசன் தண்ணீர் விளிம்பு வரை போய்க்கொண்டிருந்தது, கால் வைக்க இடமில்லை. ஜன்னலில் முகத்தை வைத்து, "ஏலே, எவம்லே அங்கன?" என்று சத்தம் போட்டேன். தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.

கொத்தனார் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். "இந்தச் சொவர்ல இனி நான் கை வைக்க மாட்டேன் டீச்சர். என்னைய ஆள விடுங்க."

"சும்மா இரும் அண்ணாச்சி, எதிரொலிக்குப் போயி பயப்படுதீரு" என்று சுத்தியலை நானே எடுத்தேன். இரண்டு தட்டினேன், இரண்டு வந்தது. மூன்று தட்டினேன், மூன்று வந்தது. எதிரொலி என்றால் உடனே வர வேண்டும். இது கேட்டு, கொஞ்சம் பொறுத்து, அப்புறம் தட்டுகிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுத்தியலைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், இப்போது என்ன செய்கிறாய் பார்க்கலாம் என்று. அது தானாகத் தட்டியது. இந்தமுறை சுவரில் இல்லை, தலைக்கு மேல் கூரையில். பிள்ளைகள் உட்காரும் வரிசைக்கு நேர் மேலே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, கொத்தனார் பார்ப்பதைப் போலவே நிதானமாகத் தட்டிக்கொண்டு போனது. மாடிக்கு ஏறிப் பார்த்தேன். நனைந்த பாசியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

இன்ஜினியர் வந்தார். எல்லா இடத்திலும் தட்டினார். சுவர் வாயே திறக்கவில்லை. "கட்டடம் கல்லு மாதிரி இருக்கு மேடம்" என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நான் அந்தத் தட்டலை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொண்டு, அந்த அறையைப் பூட்டி, பிள்ளைகளைப் பக்கத்து அறையில் நாலாம் வகுப்போடு உட்கார வைத்தேன்.

தாளாளர் குதித்தார். "சர்டிபிகேட்டே வந்தாச்சு, இன்னும் என்னத்துக்குப் பூட்டு? பேய்ப் பள்ளிக்கூடம்னு ஊருக்குள்ள பேசுதாவ. புள்ளைகள வேற எடத்துல கொண்டு சேத்துட்டா நாம கடையச் சாத்த வேண்டியதுதான்."

"சாத்துனாலும் சரி சார். அந்தக் கூரைக்குக் கீழ எம் புள்ளைக உக்காராது. வேணும்னா மெமோ குடுங்க."

கொடுத்தார். ஓய்வு பெறுகிற நேரத்தில் பென்ஷனில் கை வைத்துவிடுவார்கள் என்று வீட்டில் ஒரே புலம்பல். அந்த அறை இடிந்து விழுந்திருந்தால் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். அது இன்னும் குத்துக்கல் மாதிரி நிற்கிறது, எனக்குப் பைத்தியம் என்று பெயர். இருக்கட்டும்.

போன வாரம் அந்தப் பக்கத்து அறையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். எல்லாத் தலையும் கால்வாய்ப் பக்கச் சுவருக்குத் திரும்பியது. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், வெளிய ஆரோ தட்டுதாவ" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் காதை வைத்தும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால், பிள்ளைகள் எல்லாரும் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறார்கள். அத்தனை தலையும் ஒன்றாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, நிதானமாக நகர்கிறது.

மழையிலேயே எல்லாரையும் வெளியே விரட்டினேன். இப்போது வகுப்பு சத்துணவுக்கூடத்தில், சாம்பார் வாசனையில் நடக்கிறது. இரண்டாவது மெமோவும் வந்துவிட்டது. தாளாளரே ஒரு பொழுது அந்த இரண்டு அறையிலும் உட்காரட்டும், மறுநாளே திறக்கிறேன் என்று பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் இன்னும் வரவில்லை.

மெமோவுக்கெல்லாம் நான் பயப்படுகிறவள் இல்லை. முதலில் என்னிடம் தட்டிச் சொன்னது, இந்தமுறை என்னை விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் மட்டும் ஏன் சொன்னது என்பதை நினைத்தால்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.