ஓ நெகட்டிவ் பட்டியல்

ரத்த வங்கியில் பதிவு பார்க்கும் அந்தப் பெண்ணுக்குக் 'காட்டேரி அக்கா' என்று பெயர். வைத்தவர்கள் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள்தான். "அக்கா போன் பண்ணிட்டா ஒரு பை உறிஞ்சாம விடாது" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். பெயருக்கும் ஆளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், லிஃப்ட்டுக்குப் பயம். பஸ் ஓட்டும் கணவர் வெளியூர் போன நாளில் பல்பு ஃபியூஸ் ஆனால், அவர் திரும்பும்வரை அந்த அறை இருட்டாகவே கிடக்கும்.

ஆனால் ஒன்பது வருடமாக அந்தப் பட்டியலை ஒற்றை ஆளாகச் சேர்த்தவள் அவள். அபூர்வமான வகை ரத்தம் உள்ளவர்கள் யார் யார், எந்தத் தெரு, கடைசியாக எப்போது கொடுத்தார்கள், ஊசியைக் கண்டதும் மயங்குகிறவர் யார், எல்லாம் அதில் இருந்தது. இருந்த இடம் மேசைக்கடியில் நின்ற பழைய கம்ப்யூட்டர். வேறு எங்கும் இல்லை. பேசுவதெல்லாம் மேசைப் போனில் என்பதால் அவள் கைப்போனில்கூட ஒரு எண் கிடையாது. ஒரு பிரிண்ட் எடுத்து வைக்க வேண்டும் என்று மாதாமாதம் நினைப்பாள். நாளைக்கு, நாளைக்கு என்றே போய்விட்டது.

அன்று காலை எட்டு மணிக்கு டாக்டரம்மா வேகமாக உள்ளே வந்தார். "பிரசவ வார்டுல ஒரு பொண்ணுக்கு ரத்தப்போக்கு நிக்கல. ஓ நெகட்டிவ். இருந்த ரெண்டு பையும் நேத்து விபத்து கேஸுக்குப் போயிடுச்சு. மத்த இடத்துலயும் கேட்டுட்டேன், இல்ல. ஆளுங்களைக் கூப்பிடுங்கம்மா, உடனே."

அவள் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து 'பீப்' என்று மூன்று முறை கத்தியது.

அணைத்துப் போட்டாள். மறுபடி மூன்று பீப்.

அப்போதுதான் நினைவு வந்தது. முந்தின நாள் மாலை எறும்பு மொய்க்கிறது என்று அந்தப் பெட்டியை வெளியே இழுத்து, தட்டித் துடைத்து, முழங்காலால் தள்ளி வைத்தவள் அவள்தான்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே பிரசவத்துக்கு வந்த பெண்ணின் அக்கா நின்றிருந்தாள். "என்னம்மா, கிடைச்சுடுமா?"

"பாத்துட்டிருக்கேம்மா" என்றாள்.

கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். அவர் பஸ்ஸில், மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தார்.

"மூணு பீப்பா? அப்ப மெமரிப் பட்டைதான் நகர்ந்திருக்கும். நீங்களே சரி பண்ணிடலாம், அக்கா."

"அய்யோ, நானா? ஷாக் அடிச்சா?"

"பிளக்கை உருவிட்டா எங்கேருந்து அடிக்கும்? உருவுங்க. பொத்தானை ஒருதடவை அழுத்திப் பிடிச்சு விடுங்க. பக்கத்து மூடியில ரெண்டு திருகு இருக்கும், கழட்டுங்க. இரும்புச் சட்டத்தைத் தொட்டுட்டு அப்புறம் உள்ள கை வைங்க."

உருவிய பிளக்கைக் கண்ணில் படுகிற மாதிரி மேசை மேல் வைத்தாள். திருகுகளைக் கத்தரிக்கோல் முனையால் கழற்றினாள். உள்ளே தூசியும் ஒயர்களும். பாம்புப் புற்றில் கை விடுவதுபோல விட்டாள். மெக்கானிக் சொன்னபடி இரண்டு முனையிலும் இருந்த கொக்கிகளைத் தள்ளினாள். விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை எழும்பி வந்தது. அதன் பித்தளை நிறப் பற்களை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்தாள். ரப்பர் இரண்டு முறை கீழே விழுந்தது.

"இப்ப அதே மாதிரி வெச்சு அழுத்துங்க. 'டக்'னு கொக்கி பூட்டணும்."

"உடைஞ்சிடப் போகுது அண்ணே!"

"உடையாது. தைரியமா அமுக்குங்க."

டக்.

பிளக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினாள். பீப் இல்லை. திரையில் வெளிச்சம் வந்தது. அவள் மூச்சு விடுவதற்குள் கறுப்பில் வெள்ளை எழுத்தாக ஒரு வரி வந்து நின்றது. டிஸ்க் கிடைக்கவில்லை என்றது அது.

டிஸ்க்கில்தான் பட்டியல் இருந்தது.

"அக்கா, பெட்டியில காதை வைங்க. டக் டக்னு அடிக்குதா? அடிச்சா டிஸ்க் போச்சுன்னு அர்த்தம்."

காதை வைத்தாள். தன் நெஞ்சு அடிப்பதுதான் முதலில் கேட்டது. மூச்சை அடக்கி மறுபடி கேட்டாள். "இல்லண்ணே, அடிக்கல."

"அப்பாடா. அப்படின்னா அந்த..." லைன் அறுந்தது. திரும்ப அடித்தால் தொடர்பு எல்லைக்கு அப்பால்.

ஜன்னலில் நின்றவள் வாய்விட்டு அழத் தொடங்கியிருந்தாள். "என் தங்கச்சிக்கு வெள்ளையா போயிடுச்சாம்மா, உதடெல்லாம்!"

அவள் மறுபடி பிளக்கை உருவினாள். முட்டி போட்டு உட்கார்ந்து கைப்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். சொல்வதற்கு யாருமில்லை. தப்பாக எதையாவது இழுத்துவிட்டால் ஒன்பது வருடமும் போய்விடும். கூடவே ஓர் உயிரும். ஒவ்வொரு ஒயராக, தொடாமல், கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். டிஸ்க்கின் பின்பக்கம் ஒரு சிவப்பு ஒயரின் தலை சாய்ந்து, பாதி வெளியே நின்றது. பட்டையை எடுக்கும்போது தன் முழங்கைதான் இடித்திருக்க வேண்டும் என்று புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதை உள்ளே அழுத்தினாள்.

இந்த முறை பொத்தானை அழுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வழக்கமான தொடக்க இசை கேட்டபிறகுதான் பார்த்தாள்.

முதல் எண் எடுக்கவில்லை. இரண்டாவது ஆள் போன மாதம்தான் கொடுத்திருந்தார். மூன்றாவது ரொட்டி சுடுகிறவர்.

"காட்டேரிக்குப் பசிச்சிடுச்சா?" என்று ஆரம்பித்தவர், அவள் குரலைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினார். "இதோ கிளம்பிட்டேன் அக்கா." நான்காவதாக ஒரு பள்ளி ஆசிரியை. இருவரும் அரை மணி நேரத்தில் வந்து படுத்தார்கள்.

பிற்பகலில் செய்தி வந்தது: தாய் பிழைத்துவிட்டாள், பெண் குழந்தை. அதைக் கேட்டபிறகுதான் அவள் டாக்டரம்மாவிடம் போனாள்.

"நேத்து பெட்டியை நகர்த்தினது நான்தாம்மா."

டாக்டரம்மா அவளை உட்காரச் சொன்னார். "நகர்த்தினா ஏதாவது கழலத்தான் செய்யும். ஒரே பெட்டியை நம்பி இத்தனை பேரை வெச்சிருந்தோமே, அதை நினைச்சாதான் எனக்கு இப்ப பயமா இருக்கு."

அன்று பிரிண்ட் முழுவதும் வெளிவரும்வரை அவள் வீட்டுக்குப் போகவில்லை.