பவளம் வெளுத்த வேனல்

கங்கா ஒரு வேலையில் நிலைத்து நிற்க மாட்டாள் என்பது கொச்சி மட்டாஞ்சேரியில் அவளைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பஜார் ரோட்டுக்கு மூட்டை தூக்க வந்தவர். அவள் பிறந்ததும் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்ததும் இங்கேதான். கிடங்கில் சுக்கு புடைத்தாள், ஓட்டலில் சமையலுக்கு நின்றாள், தையல் கடையில் பட்டன் வைத்தாள். யாரோடும் சண்டை கிடையாது. ஒரு நாள் காலையில் எழும்போதே கை கால் பரபரவென்று வரும். போய்ச் சொல்லிவிட்டு நின்றுவிடுவாள். தோப்பும்படியில் பழவண்டி போட்டிருந்த கணவன் முத்துவேல், "அடுத்து எங்க?" என்று மட்டும் கேட்பான்.

நீச்சல்கூட அவளுக்கு எதிர்பாராமல் வந்ததுதான். ஆலுவாவில் பெரியாற்று நீச்சல் வகுப்புக்கு மகள் சங்கரியைக் கூட்டிப்போனாள். பிள்ளை தண்ணீரைப் பார்த்து அலறிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டது. பயம் தெளியட்டும் என்று சுடிதாரோடு இவள் இறங்கினாள். மகள் வகுப்புக்கு வருவதை நிறுத்திய பிறகும் அம்மா நிறுத்தவில்லை. அடுத்த வருஷம் ஆற்றைக் குறுக்கே நீந்தி அக்கரை தொட்டுத் திரும்பினாள். தண்ணீருக்குள் இருக்கும் நேரம் மட்டும் உடம்பு சும்மா இருக்கிறது என்று முத்துவேலிடம் ஆச்சரியத்தோடு சொன்னாள்.

அந்த வகுப்புக்கு வந்துபோகிற சந்தீப், லட்சத்தீவில் ஒரு சின்னத் தீவில் சிதைந்துபோன பவளப்பாறையை மீட்டெடுக்கும் வேலையை நடத்திக்கொண்டிருந்தான். தீவைச் சுற்றிப் பாறை வேலி போட்டதுபோல் நிற்க, உள்ளே கடல் குளமாகக் கிடக்கும். அலையில் ஒடிந்து விழுந்த பவளத் துண்டுகளைப் பொறுக்கி, இரும்புச் சட்டங்களில் கட்டி, அந்தக் குளத்தின் அடியில் வைத்து வளர்க்க வேண்டும். தீவுப் பெண்கள் பலர் குழுவில் சேர ஆசைப்பட்டார்கள், ஆனால் ஆண்களிடம் நீச்சல் பழக வீட்டில் விடவில்லை. மலையாளம் பேசுகிற, நீந்தத் தெரிந்த ஒரு பெண் வேண்டியிருந்தது. கங்காவுக்கு யோசிக்கவே நேரம் தேவைப்படவில்லை. முத்துவேல்தான் இரண்டு நாள் யோசித்துவிட்டு, பிறகு ஒரு பை ஆரஞ்சோடு கப்பலடிக்கு வந்து வழியனுப்பினான்.

தீவில் அவளிடம் நீச்சல் பழக முதலில் இறங்கியவள் ஷபானா. மீன்காரர் வீட்டுப் பெண். கடலோரத்திலேயே பிறந்து முழங்காலுக்கு மேல் கடலை அறியாதவள். முதல் வாரம், கங்கா அக்கா என்பதை மலையாளத்தில் "கங்கேச்சி" என்று அலறிக்கொண்டு அவள் கழுத்தை நெரித்துவிடுவதுபோல் பிடித்துக்கொண்டாள். பனிக்காலம் முடிவதற்குள் மூச்சடக்கி அடியில் இறங்கி, சட்டத்தில் துண்டைக் கட்டிவிட்டு மேலே வந்து சிரித்தாள். மற்றவர்களும் தேறினார்கள். துண்டுகளின் நுனியில் நகம் முளைத்தாற்போல் புதுசாக ஒரு வெளிர் நிறம் தெரிய ஆரம்பித்தது. மார்ச்சில், சங்கரிக்குப் பரீட்சை என்று கங்கா ஊருக்குத் திரும்பினாள்.

அந்த வேனல் பொல்லாததாக வந்தது. ஏப்ரலில் ஷபானா போனில் ஒரு படம் அனுப்பினாள். பவளத்தின் பழுப்பு நிறம் மங்கியிருந்தது. அடுத்து வந்த படத்தில் எல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை. கடல் சுட்டால் பவளம் தனக்குள் குடியிருக்கும் உயிர்ப்பாசியை வெளியே தள்ளிவிடும், அதனால்தான் வெளுக்கிறது, இன்னும் சாகவில்லை, சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கலாம் என்று சந்தீப் விளக்கினான். அவனும் இடப்பள்ளியில் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். விடுமுறைக்கு ஊர் போகும் தீவுக்காரர்களால் கப்பலில் இடமே இல்லை. இடம் கிடைப்பதற்குள் மழை தொடங்கிக் கப்பல் குறைந்துவிடும்.

கங்காவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சோறு வைத்தால் பாதியில் விட்டுவிட்டுக் கப்பலடிக்குப் போனாள். டிக்கெட் இல்லை என்று கேட்டுவிட்டு, திரும்ப வந்து போனைப் பார்த்தாள். சாயாவை ஆற்றி வைத்துவிட்டுக் குடிக்க மறந்தாள்.

ஒரு நாள் ஷபானா கூப்பிட்டாள். பாறைக்கு நடுவே தோணிகள் வெளிக்கடலுக்குப் போகிற வாய்க்கால் பக்கம் தண்ணீர் காலில் குளிர்ச்சியாக இருக்கிறது, சட்டங்களை அங்கே கொண்டுபோனால் என்ன என்றாள். கங்கா உடனே சந்தீப்பை அழைத்தாள். அவன் தயங்கினான். நோயில் கிடப்பதைத் தூக்கி அலைக்கழித்தால் ஒடிந்துபோகும், மழை அலையும் அங்கேதான் முதலில் அடிக்கும் என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் கங்காவால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பேசிப் பேசிக் கடைசியில் அவனை இறங்கி வரச் செய்தாள். பாதியை நகர்த்துவது, பாதியை இருந்த இடத்திலேயே விடுவது என்று முடிவானது.

மறுநாள் காலை பெண்கள் ஷபானாவின் அண்ணன் தோணியில் புறப்பட்டார்கள். சட்டங்களில் காலி கேன்களைக் கட்டி மிதக்கவைத்து இழுத்துப்போக வேண்டும். புறப்படும்போது ஷபானா பேசினாள். அதற்குப் பிறகு போன் கிடைக்கவில்லை.

அப்போதுதான் கங்காவுக்கு உறைத்தது. வாய்க்காலில் இழுப்பு உண்டு. தான் சொல்லிக்கொடுத்தது குளம்போல் கிடந்த தண்ணீரில். வாய்க்காலுக்கு ஒரு நாள்கூடக் கூட்டிப்போனதில்லை. திரும்பத் திரும்ப எண்ணை அழுத்தினாள். பஜார் ரோட்டில் மிளகு லாரிகளுக்கு நடுவே படகுத்துறைவரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். தோப்பும்படியில் முத்துவேல் வண்டிப் பக்கம் போய் நின்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தராசைக் கீழே வைத்தான்.

"நீ இறங்கியிருந்தா உனக்குப் பயமே வந்திருக்காது. அடுத்தவங்கள இறக்கிவிட்டதுதான் உன்ன இந்தப் பாடு படுத்துது," என்றான்.

அவள் வண்டியில் இருந்த மாம்பழங்களை எடுத்து எடுத்து அடுக்கினாள், கலைத்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் போன் அடித்தது.

"எல்லாரும் கரைல இருக்கோம் கங்கேச்சி," என்றாள் ஷபானா. "ஒரு சட்டம் கை நழுவிப் போச்சு. இழுப்பு ஜாஸ்தி. போகட்டும்னு விட்டுட்டோம்."

"நல்ல காரியம் செஞ்சே," என்றாள் கங்கா. போனை முத்துவேலிடம் கொடுத்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள்.

மழைக்காலம் முழுக்கச் செய்தி சரியாக வரவில்லை. பெண்கள் கடலில் இறங்க முடியாத மாதங்கள். கங்கா ஓட்டலில் ஒரு வேலைக்குப் போனாள், சில நாளிலேயே நின்றாள்.

அக்டோபரில் கப்பலில் இடம் கிடைத்தது. தீவில் இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் கடலுக்குப் போனாள். நகர்த்தாமல் விட்ட சட்டங்களில் எல்லாம் செத்து, பாசி வழவழவென்று மூடியிருந்தது. வாய்க்காலில் சந்தீப் பயந்ததும் நடந்திருந்தது. அலை அடித்துச் சில சட்டங்கள் கவிழ்ந்து, துண்டுகள் பொடியாகியிருந்தன. நின்றவற்றில் அங்கங்கே பழுப்பு நிறம் திரும்பியிருந்தது. பாதிகூட இல்லை. ஆனாலும் உயிர் இருந்தது.

ஷபானா அவளுக்காகக் காத்திருக்கவில்லை. பிழைத்த பவளத்திலிருந்து துண்டு எடுத்துப் புதிதாகக் கட்டத் தொடங்கியிருந்தாள். புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு நீச்சலும் அவளே பழக்கினாள், கங்காவைவிடக் கண்டிப்பாக. கங்கா இடுப்பளவு தண்ணீரில் கையைத் தொங்கவிட்டு நின்றாள். தன் வேலையை வேறொருத்தி செய்வது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, என்னவோபோலவும் இருந்தது.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

ஷபானா செத்த சட்டங்களைக் காட்டி ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தாள். பாசியைத் தேய்த்து எடுத்தால்தான் திரும்பக் கட்ட முடியும். காலை முழுக்கக் கங்கா மூழ்கித் தேய்த்தாள். மூச்சு வாங்க மேலே வந்தபோது ஷபானா பக்கத்தில் இருந்தாள்.

"அடுத்த வேனல்லயும் வெளுத்தா?" என்று கேட்டாள் கங்கா.

"வெளுக்கும்," என்றாள் ஷபானா. "வெளுக்கறதுக்கு முன்னாடியே நகர்த்தணும். நீங்க மார்ச்சுல ஊருக்குப் போகாதீங்க கங்கேச்சி."

மார்ச்சில் சங்கரிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. கங்கா அதைச் சொல்லவில்லை. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு மறுபடி மூழ்கினாள். இந்தத் தடவை தண்ணீருக்குள்ளேயும் அந்தப் பரபரப்பு அடங்கவில்லை.