கெலச பிட்டியா

பெங்களூர் மில்லில் ஆட்குறைப்பு வந்தபோது எங்களை நிறுத்தினார்கள். சிலர் பயந்து தாங்களாகவே நின்றுகொண்டார்கள். ஓசூர்க்காரனான எனக்குக் கன்னடம் தண்ணிபட்ட பாடு என்று பீற்றிக்கொள்வேன். கூட வேலை பார்த்த வேப்பனப்பள்ளிக்காரருக்குத் தமிழும் தெலுங்கும்தான். கணக்குத் தீர்க்கப் போனபோது அவருக்கும் நானே பேசினேன்.

குமாஸ்தா, "கெலச பிட்டியா?" என்றார். வேலை விட்டுப்போச்சா என்று கேட்பதாக எண்ணி, இரண்டு பேருக்கும் சேர்த்து "ஹௌது", ஆமாம் என்றேன். நீயாக வேலையை விட்டாயா என்று அவர் கேட்டிருக்கிறார். தானாக நின்றவனுக்கு நஷ்டஈடு இல்லை என்பது கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது.

"மில்லுல ஏமாத்திட்டாங்கண்ணா" என்றேன் வேப்பனப்பள்ளிக்காரரிடம்.

"நீ பேசினதால இந்தப் பாக்கிச் சம்பளமாவது வந்தது தம்பி" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.