ஓர் ஆள் இடம்

நேற்று முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாடை மூக்கில் ஏறியதும், நெய்வேலியிலிருந்து பழனிக்கு நடந்துபோன அந்தத் தைப்பூசம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. உண்மையைச் சொன்னால், அந்த ஒன்பது நாளில் நான் முருகனைக் கூப்பிட்டதைவிடத் தைலத்தைக் கேட்டதுதான் அதிகம்.

சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து எனக்கு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வருடாவருடம் நடக்கிற ஆறு பேர் ஏழாவதாக என்னைச் சேர்த்துக்கொண்டது பக்திக்காக இல்லை, என் புது டிஜிட்டல் கேமராவுக்காக. எதிரே முகம் தெரிந்தால் திரையில் மஞ்சள் கட்டம் போடும் கேமரா. அதைக் காட்டி எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் ஷிப்டில் வீரமுத்து என்று ஒருவர். பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரர். கான்ட்ராக்டில், நிலக்கரி ஓடும் பெல்ட்டிலிருந்து சிந்துவதை அள்ளிப்போடுகிற வேலை. என்னைவிட இருபது வயது மூத்தவர் என்னை சார் என்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். அந்த வருடம் பர்மனென்ட் ஆகிறவர்கள் பட்டியல் வரப்போகிறது என்று பேச்சு. தன் பெயர் அதில் இருக்கவேண்டும் என்று பழனிக்கு நடப்பதாக வேண்டிக்கொண்டவருக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் கிளம்பிய காலையில் வந்து நின்றார்.

"போட்டோ புடிக்கும்போது எனக்கு ஒரு ஆளு எடம் வுட்டு நிக்கச் சொல்லுங்க சார். நான் இங்க வேல செஞ்சிகினே அங்க வந்துடுறேன்."

விருத்தாசலத்தில் இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் ஓர் ஆள் இடம் என்று சிரித்துக்கொண்டே நின்றார்கள். மூன்றாம் நாள் ஒரு புளியமரத்தடியில் அப்படித்தான் நிறுத்தினேன். திரையில் ஏழு கட்டம் விழுந்தது. ஏழாவது நடுவில், வெற்றிடத்தில், சரியாக ஓர் ஆள் உயரத்தில். லென்ஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதே இடம்.

எங்களில் மூத்தவர் சுப்பையா அண்ணன், தென்காசிக்காரர். வந்து எட்டிப் பார்த்தார். "சின்ன கேமராதான, மரத்தையும் மூஞ்சின்னு நெனச்சிருக்கும். நீ எடு" என்றார்.

ஆனால் அன்று சாயங்காலம் டீக்கடையில் ஏழு பேருக்கு எட்டு டீ சொன்னதும் அவர்தான். எட்டாவது கிளாஸ் பெஞ்சிலேயே ஆறிப்போனது.

பழனி அடிவாரத்தில் சொல்லி மாளாத கூட்டம். படம் எடுக்க விடாமல் காவடிகள் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. வெயில் வேறு. ஆறு பேரும் படத்துக்குள் அடங்கவில்லை என்று நான்தான் கத்தினேன்: "நெருங்கி நில்லுங்கண்ணே." தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஆறே கட்டம். படம் பளிச்சென்று வந்திருக்கிறது என்று சந்தோஷம் வேறு எனக்கு.

ஊர் திரும்பியபோது பஸ் ஸ்டாண்டில் வீரமுத்து காத்திருந்தார். கேமராவை நான் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

"கடசில எனக்கு எடம் இல்லாம போச்சே சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. "வெள்ளிக்கெழம மத்தியானம் பெல்ட்டாண்ட நின்னுகினு இருந்தேன். யாரோ தோள்ல இடிச்சி நவுத்துன மாரி இருந்துச்சி. திரும்பிப் பாத்தா ஆளே இல்ல."

நாங்கள் அடிவாரத்தில் நின்றது வெள்ளிக்கிழமை மத்தியானம்தான்.

சித்திரையில் பட்டியல் வந்தது. அவர் பெயர் இல்லை. படத்துக்கும் பட்டியலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்பீர்கள். நானும் என்னையே அப்படித்தான் கேட்டுக்கொள்கிறேன். ஆனாலும் நெருங்கி நிற்கச் சொன்னது என் வாய்தானே. இன்றும் மனசு குறுகுறுக்கிறது.

பிறகு நானும் வேறு வேலை தேடிப் போய்விட்டேன். போன மாதம் நெய்வேலி நகரியத்துக்குப் போயிருந்தேன். சுப்பையா அண்ணன் தவறிவிட்டார். மற்ற ஐவரும் ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலிசெய்து சொந்த ஊர்களுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் நடக்கக் கிளம்பிய குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு வீட்டில்கூட விளக்கு இல்லை. கூரைமேல் அரசங்கன்று முளைத்திருக்கிறது. அங்கே ஒருவர் குனிந்து புதர் வெட்டிக்கொண்டிருந்தார். வீரமுத்து. இன்னும் கான்ட்ராக்ட்தான்.

சுப்பையா அண்ணன் வீட்டு வாசலில் அவரை ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டு செல்போனை நீட்டினேன். அவர் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போய்விட்டார்.

"நடுவுல நில்லுங்க" என்றேன்.

"இருக்கட்டும் சார். அவுங்க ஆறு பேருக்கும் எடம் வோணுமில்ல."

நான் திரையைப் பார்க்காமலே அழுத்தினேன்.