கடிபட்ட இலைகள்

என் அண்ணி குளவி வளர்க்கிறாள். கொட்டுகிற குளவி இல்லை, எறும்பைவிடச் சின்னது. முட்டைக்கோஸ் புழுவைத் தேடிப் பிடித்து அதன் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சுகள் வெளியே வரும்போது புழுவின் கதை முடிந்துவிடும். இதை நம்பி, நாங்கள் வேலை செய்யும் முட்டைக்கோஸ் பசுமைக் குடிலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில், ஆறு வருஷமாகக் கண்ணாடி ஜாடிகளோடு மல்லுக்கட்டுகிறாள். “குளவிக்காரி, எங்களுக்கும் கொஞ்சம் சோறு போடுவியா, இல்ல எல்லாம் அதுங்களுக்குத்தானா?” என்பான் அண்ணன்.

இந்த முறை முதலாளி கெடு வைத்துவிட்டார். மூன்று வாரத்தில் செடிக்கு இரண்டு புழுவுக்கு மேல் இருந்தால் மருந்து அடிப்பார். குளவி அறைக்குப் பூட்டு.

இரண்டாம் வாரம் எண்ணினால் செடிக்கு ஒன்பது! ஜாடிக்குள் புழுவைப் போட்டால் குளவி பாய்ந்து போகிறது. வெளியே விட்டால் செடிப் பக்கமே போகாமல் கூரைக் கண்ணாடியில் போய் அப்பிக்கொள்கிறது. “இதுங்களுக்கு என்ன கேடு வந்துச்சு?” என்று அண்ணி புலம்பாத நாளில்லை. வீட்டில் தட்டில் போட்டது போட்டபடி கிடந்தது.

கெடு முடிகிற அன்று காலையில், சுவரோரக் கடைசி வரிசையில் குனிந்தவள் நிமிரவே இல்லை. அங்கே இலையெல்லாம் ஓட்டை. ஆனால் புழுக்கள் செத்துக் கிடந்தன. பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக, குளவிக் குஞ்சுகள் கட்டிய கூடுகள்.

“மத்த வரிசையில கடிச்ச இலையெல்லாம் எங்கடி?”

அந்தச் செடிகளைப் பராமரிப்பது நான்.

“நான்தான் அண்ணி... ஓட்டை இலையைப் பாத்தா முதலாளி உங்களைத்தானே சொல்வாரு? புழு குருத்துக்குள்ள ஓடிடுது, கைக்குச் சிக்கல. அதான் கெடு வெச்சதுலேருந்து தினமும் இலையையாவது கிள்ளிப் போட்டுட்டு, தண்ணி பீச்சிக் கழுவினேன். கடைசி வரிசைக்குக் குழாய் எட்டல, சுவரோரம் யாரு பாக்கப் போறான்னு அதை மட்டும் விட்டுட்டேன்.”

“அடிப்பாவி! புழு கடிச்ச இலையிலேருந்து ஒரு வாசனை வரும். அதோட எச்சத்துலயும் வரும். அதை மோந்துதான் குளவி புழுகிட்ட போகும். அதையெல்லாம் கழுவிட்டா அது எங்கடி போய்த் தேடும்?”

யார் கேட்டார்கள் என் உதவியை? என் அதிகப்பிரசங்கித்தனத்துக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மத்தியானம் முதலாளி வந்தார். அண்ணி கடைசி வரிசைக்குக் கூட்டிப் போனாள். “இன்னும் ஒரே ஒரு வாரம் குடுங்கய்யா. இங்க வேலை செஞ்சிருக்கு, பாருங்க.”

“இங்க செஞ்சது மத்த வரிசையில ஏம்மா செய்யல?”

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. “நான் விட்ட விதம் தப்புங்கய்யா.”

“ஆறு வருஷமாச்சு. இன்னும் விடத் தெரியலன்னா எப்படிம்மா?”

உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னைக் காட்டிக்கொடுத்துத் தொலைக்கக் கூடாதா என்று அவள்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. முதலாளி மருந்தடிக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, அறைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். போகிற போக்கில் என்னைப் பார்த்து நின்றார்.

“நீ பரவாயில்லம்மா. செடியெல்லாம் சுத்தமா வெச்சிருக்க.”

நான் தலையை ஆட்டினேன்.