டிசைனருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பள்ளிக் குழந்தைகளுக்குப் பயிற்சிப் புத்தகம் போடுகிறோம். எழுத்து என் பொறுப்பு. படங்களும் பக்க அமைப்பும் டிசைனர் பொறுப்பு. அதையும் என் பொறுப்பாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசைனரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. அது என் இடம். நான் வேலை பழகியது தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு டி.டி.பி. சென்டரில். கல்யாணப் பத்திரிகை அடிக்க வரும் மாப்பிள்ளையின் பெரியப்பா, ஆபரேட்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பிள்ளையாரைக் கொஞ்சம் மேலே ஏற்றச் சொல்வார். பிள்ளையார் ஏறுவார். பெரியப்பா யோசித்துவிட்டு, முன்னால் இருந்த இடமே தேவலை என்பார். பிள்ளையார் இறங்குவார். டிசைன் என்பது இப்படித்தான் நடக்கும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

எங்களிடம் இருந்த இரண்டு டிசைனர்கள் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். ஒருவர் உடம்பு சரியில்லை என்றார். மற்றவர் குடும்பச் சூழ்நிலை என்றார். இரண்டையும் நம்பினேன்.

மூன்றாவதாக வந்தவர் சிட்லபாக்கத்துப் பெண். ஸ்கூட்டரில் வருவார், அதிகம் பேசமாட்டார், கை மட்டும் அபாரம். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஏரியைப் பற்றி ஒரு பாடம். அதற்கு அவர் தன் ஊர் ஏரியையே வரைந்திருந்தார். கரையில் மங்கி குல்லாவும் கான்வாஸ் ஷூவுமாக ரிட்டயர்டு ஆட்கள் நடக்கிறார்கள். ஒருவர் செல்போனில் கத்துகிறார். ஒருவர் தூண்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஏரி என்றால் பின்னால் மலை வேண்டாமா என்றேன். மலை வந்தது. மலை உச்சியில் கொஞ்சம் பனி கேட்டேன், அதுவும் வந்தது. ஆகாயத்தாமரை போய்த் தாமரை வந்தது. ரிட்டயர்டு ஆட்கள் போய் இரண்டு அன்னங்கள் வந்தன. மூன்று நாளில் ஏரி அழகாகிவிட்டது. எந்த ஊர் ஏரி என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் மேடம் என்னைக் கூப்பிட்டார். நிறுவனம் அவருடையது. முன்பு தலைமை ஆசிரியையாக இருந்தவர், கோபத்திலும் குரல் உயராது. டிசைனருக்கு ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் வேலை தயாராக இருக்கிறதாம். இந்தப் புத்தகத்தை முடித்துவிட்டு, போவதா இருப்பதா என்று சொல்கிறேன் என்றிருக்கிறார்.

"இவங்களும் போனாங்கன்னா, அடுத்த புக்குக்கு நீங்களே உக்காந்து படம் போடுங்க சார்" என்றார் மேடம்.

நான் மாம்பழம் வரைந்தால் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். ஆனால் பயம் அதற்காக மட்டும் இல்லை. அந்தப் பெண்ணின் கை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை அவரிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை, மலையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

யோசித்துப் பார்த்ததில், நல்ல சாஃப்ட்வேர் இல்லாததுதான் குறை என்று பட்டது. குழுவாக வேலை செய்ய உதவும் நான்கு சாஃப்ட்வேர்களைப் பற்றி ஒரு பெரிய அட்டவணை போட்டேன். ஒன்றில் யார் எதைத் தொட்டாலும் எல்லோருடைய போனிலும் மணி அடித்தது. அலுவலகம் ஒரு நாள் முழுக்கக் கோயிலாக இருந்தது. இன்னொன்றில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வண்ண அட்டை. எந்த வேலைக்கு எந்த வண்ணம் என்று இரண்டு நாள் பேசினோம். அந்த இரண்டு நாளும் அட்டையில் போட வேலை எதுவும் நடக்கவில்லை.

கடைசியில் டிசைனரிடமே கேட்டுவிடலாம் என்று ஒரு படிவம் அச்சடித்துக் கொடுத்தேன். 'உங்கள் வேலை எளிதாக என்ன மாற்றம் வேண்டும்?' கீழே பத்து வரிக்கு இடம் விட்டிருந்தேன். அவர் ஒரே வரி எழுதியிருந்தார்: 'அந்த ஸ்டூலை எடுத்துவிடுங்கள்.'

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதுகுவலிக்காரனான நான் ஸ்டூலில் உட்காருகிறேனே என்று இந்தப் பெண் எவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார். அன்றே ஸ்டோர் ரூமிலிருந்து சக்கரம் வைத்த ஒரு நாற்காலியை எடுத்து, தூசு தட்டி, ஸ்டூல் இருந்த இடத்தில் போட்டேன். ஸ்டூலைவிட வசதி. காலால் லேசாக உந்தினால் திரைக்கு ஒரு ஜாண் தூரத்துக்குப் போய்விடலாம்.

நான்காம் நாள் அவர் மவுஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"சார், பிரச்சினை ஸ்டூல் இல்ல. நீங்க பின்னாடி உக்காந்தா எனக்குக் கை ஓட மாட்டேங்குது."

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. நாற்காலியை உருட்டிக்கொண்டே என் மேஜைக்கு வந்து, யார் மேல் கோபம் என்று தேடினேன். மதியச் சாப்பாட்டுக்குள் ஆள் கிடைத்துவிட்டது, அந்த நாற்காலியிலேயே. உடம்பு சரியில்லை என்று போனவரும், குடும்பச் சூழ்நிலை என்று போனவரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். சிவப்பு ஸ்டூலை எடுத்துப் போய் வாட்டர் கேனுக்கு அடியில் வைத்தேன்.

என் அட்டவணையில் கடைசியாக இருந்த சாஃப்ட்வேரை அவரே தேர்ந்தெடுத்தார். பக்கத்தின் மேல் ஒரு புள்ளி வைத்து, சொல்ல வேண்டியதை எழுதலாம். அவ்வளவுதான், மணி கிடையாது. என் முதல் குறிப்பு: 'ஏதோ குறைகிறது.' உடனே பதில் வந்தது: 'என்ன குறைகிறது சார்?'

நான் வண்டலூரில் இருக்கிறேன். அன்று மாலை தாம்பரத்தில் ரயில் ஏறியதிலிருந்து, என்ன குறைகிறது என்று யோசித்தேன். பெருங்களத்தூர் தாண்டியும் தெரியவில்லை. மறுநாள் காலை குறிப்பை அழித்துவிட்டேன். அதன் பிறகு வந்த அபிப்பிராயங்களில் பெரும்பாலானவை, எழுத உட்கார்ந்ததுமே காணாமல் போயின. ஸ்டூலில் இருந்தபோது அப்படிப்பட்டவை எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்.

ஏரிப் பக்கம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் எழுதியதிலேயே கஷ்டமான குறிப்பு அதுதான். நான்கு தடவை அடித்து எழுதினேன். 'நான் சொன்ன மாற்றங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். நீங்கள் முதலில் வரைந்ததுதான் நல்ல படம். பாடத்தில் ஐந்து பறவைகளை எண்ணச் சொல்லிக் கேள்வி இருக்கிறது, பறவைகளை மட்டும் சேர்க்க வேண்டும்.'

அன்று முழுவதும் பதில் இல்லை. புத்தகம் முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

மறுநாள் மதியம் அவர் கூப்பிட்டார். "சார், ஒரு நிமிஷம் வாங்க."

பழக்க தோஷம், கால் நேராக வாட்டர் கேன் பக்கம் போனது.

"ஸ்டூல் வேணாம் சார். நின்னுக்கிட்டே பாருங்க."

நின்றுகொண்டே பார்த்தேன். மலை இல்லை. மங்கி குல்லாக்கள் திரும்ப வந்து நடந்துகொண்டிருந்தன. ஆகாயத்தாமரை ஏரியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பறவைகளை எண்ணினேன், நான்குதான் இருந்தன. ஐந்தாவதைக் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. கரையில் தூண்டில்காரருக்குப் பின்னால் ஒரு சிவப்பு ஸ்டூல். அதன் மேல் ஒரு கொக்கு நின்று, அவர் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, தூண்டிலைக் கவனித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி போடவில்லை. மற்றபடி நான்தான்.

கொக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. தொண்டை வரை வந்துவிட்டது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றேன். இத்தனை மாதத்தில் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் பக்கத்தை சேவ் செய்தார். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"மூணாங்கிளாஸ் புக் மேட்டர் எப்ப சார் தருவீங்க?"

திங்கட்கிழமை என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அனுப்பிவிட்டேன்.