நிற்காத மணி

சுவிசில எங்கட கோயிலில பூசைக்கு மணி அடிக்க ஆள் கிடைக்காது, எல்லாருக்கும் வேலை. அதால மோட்டரில தானாய் அடிக்கிற மணி மெசின் ஒண்டு இந்தியாவில இருந்து எடுப்பிச்சவை. அதின்ர சுவிட்ச் பின் அறையில. ஐயரின்ர ஈரக்கையில பெரிய கரண்ட் படக்கூடாது, அவருக்குப் பக்கத்தில பன்னிரண்டு வோல்ட்டில சின்னச் சுவிட்ச் வைப்பம், அது ட்ரான்சிஸ்டரை எழுப்பும், ட்ரான்சிஸ்டர் ரிலே எண்ட காந்தச் சுவிட்சை இழுக்கும், ரிலே மோட்டரை ஓட்டும் எண்டு நான்தான் வாயைக் குடுத்தன். எம்மன்புரூக்கே ஊர்த் தொழிற்சாலையில பன்னிரண்டு வருஷம் உந்தச் சாமானுகளுக்கு ஈயம் ஒட்டுறவளுக்கு இது தெரியாதோ?

வெள்ளிக்கிழமை ஐயர் சுவிட்சைப் போட்டார், மணி அடிச்சுது. நிப்பாட்டினார், நிக்கேல்லை. தீபாராதனை முடிஞ்சு திருநீறு குடுத்த பிறகும் அடிச்சுக்கொண்டே இருந்துது. செயலாளர் அண்ணை ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார்.

"ஈயம் ஒட்டுறது வேற, இது வேற பிள்ளை. ஆரும் சுவிஸ்காரனைக் கூப்பிடுவம்" எண்டார்.

எனக்கு முகம் எரிஞ்சுது. அடுத்த வெள்ளி வரைக்கும் நேரம் தாங்கோ, அதுக்குள்ள சரிவராட்டி நானே கழட்டுறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தன்.

வீட்டில பாத்தால் ட்ரான்சிஸ்டர் செத்துப்போய் கிடக்கு. உள்ளுக்கை ஒட்டிப்போச்சு, அதுதான் கரண்டை நிப்பாட்டேல்லை. புதுசு போட்டன், நாலைஞ்சு தரத்தில அதுவும் போச்சுது. மலிவுச் சாமான் எண்டு திட்டினன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்.

திங்கள் வேலையில கையில இருந்த சர்க்கிட் பலகையைப் பாத்தன். ரிலேக்குப் பக்கத்தில ஒரு டயோட், கரண்டை ஒரு பக்கத்துக்கு மட்டும் விடுற சாமான். எல்லாப் பலகையிலயும் வைக்கிறனான். என்ர பலகையில மட்டும் வேணுமெண்டே விட்டனான். கரண்ட் போற பக்கத்துக்கு எதிராய்ப் பூட்டினதுக்குள்ளால ஒண்டும் போகாது, பிறகேன் வீணாய் எண்டு.

செய்து முடிச்ச பலகையளைச் சோதிக்கிற சோதனை மேசைக்காரனிட்ட, என்ர அரைகுறை ஜேர்மனுக்கு வெக்கப்பட்டு இவ்வளவு காலம் ஒண்டும் கேட்டதில்லை. அண்டைக்குக் கேட்டன். ரிலேயை நிப்பாட்டேக்குள்ள அதின்ர சுருளில இருக்கிற சக்தி பெரிய வோல்ட்டாய்த் திரும்பி உதைக்குமாம். அந்த ஒரு கணம் அதுக்கு வழி விடத்தான் டயோட். அது இல்லாட்டி உதை முழுக்க ட்ரான்சிஸ்டருக்கு. அவன் கீறிக் காட்டின கடதாசியை மடிச்சு வைச்சன்.

டயோடைப் பூட்டி வீட்டில இருநூறு தரம் போட்டு நிப்பாட்டினன்.

வெள்ளிக்கிழமை செயலாளர் அண்ணை வயருக்குப் பக்கத்திலயே நிண்டார். தீபாராதனை முடிய ஐயர் சுவிட்சை அமத்தினார். மணி நிண்டுது.

"நிண்டிட்டுது" எண்டார் அண்ணை.

"ஓம். ஏன் நிண்டது எண்டும் எனக்குத் தெரியும்" எண்டன்.

திங்கள் காலமை மேலாளரிட்டப் போய் சோதனை மேசைக்குப் படிக்கப்போறன் எண்டு சொன்னன். ஜேர்மன் பிழைபிழையாய்த்தான் வந்துது. முழுக்கச் சொல்லி முடிக்குமட்டும் நான் நிப்பாட்டேல்லை.